பென் ஆல்டர் மலைநடைப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியில் மலைநடைக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் முதலில் சாலையோர மலைகளில் ஏறிப் பழகுகிறார்கள். பிறகு சாலையே இல்லாத மலை ஒன்றைத் தேடுகிறார்கள். அப்படித் தேடுவோரிடமிருந்து பென் ஆல்டர் மலையைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கோடைப் பயணத்தை மனத்தில் கொண்டே எழுதியிருக்கிறேன்; குளிர்காலத்துக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

பென் ஆல்டர் எங்கே இருக்கிறது? அதைத் தொலைவான மலை என்று ஏன் சொல்கிறார்கள்?

மத்திய ஹைலேண்ட்ஸில், லோக் எரிக்ட் என்னும் நீண்ட ஏரிக்கு மேற்கே இருக்கிறது. உயரம் 1,148 மீட்டர். 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளைச் சர் ஹியூ மன்ரோ 1891-இல் பட்டியலிட்டார். அவர் பெயராலேயே ‘மன்ரோ’ என்றழைக்கப்படும் இம்மலைகள் இன்றைய கணக்கில் 282. அவற்றுள் இதுவும் ஒன்று. கிழக்கே டால்வின்னி கிராமத்திலிருந்து சிகரம் வரை ஏறத்தாழ 20 கி.மீ.; மேற்கே கொரௌர் ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 18 கி.மீ. இரண்டுக்கும் இடையில் பொதுமக்கள் காரோட்டிச் செல்லக்கூடிய சாலை கிடையாது. உச்சியில் நிற்கும்போது காலில் சுளுக்கு விழுந்தால், எந்தத் திசையில் இறங்கினாலும் கிட்டத்தட்ட ஒரு பகல் நடை பாக்கி இருக்கும்.

1,148 மீட்டர்தானே? இதில் அப்படி என்ன சிரமம்?

உயரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுவதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. டால்வின்னியே 350 மீட்டருக்கு மேல் இருப்பதால், ஏற வேண்டியது 800 மீட்டர் அளவே. உடல்தகுதி உள்ள எவருக்கும் அது பெரிய ஏற்றம் அன்று. ஆனால் இந்த மலை மூச்சைச் சோதிப்பதைவிடத் திட்டத்தைத்தான் அதிகம் சோதிக்கிறது. வட அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக இப்பகுதியைக் கடக்கின்றன. பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கும் அதே வேளையில் மேலே எதிர்க்காற்றும் சாரலும் இருப்பது இங்கே வெகு சாதாரணம். வெப்பநிலை ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அரைப் பாகைக்குச் சற்று மேலாகக் குறைவதால், டால்வின்னியில் 10 பாகை என்றால் சிகரத்தில் 5 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். காற்றையும் ஈரத்தையும் சேர்த்தால் உடம்புக்கு அது உறைநிலையாகவே தெரியும். மரமோ, பாறைக்குகையோ, கடையோ ஒதுங்க இல்லாத இடத்தில் இந்தக் குளிர் மணிக்கணக்கில் நீடிக்கும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எந்த மாதத்தில் போகலாம்?

மே மாதத்தின் பிற்பாதியும் ஜூன் தொடக்கமும் என் தெரிவு. ஜூன் நடுவில் 17 மணி நேரத்துக்கு மேல் பகல் வெளிச்சம் இருக்கும். தூரமே எதிரியாக இருக்கும் மலையில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. செப்டம்பரும் நல்ல மாதமே, பூச்சித் தொல்லை தணிந்திருக்கும். ஆனால் பகல் சுருங்கும், மான் வேட்டைக் காலமும் உச்சத்தில் இருக்கும். ஏப்ரலை வசந்தம் என்று நம்பிவிட வேண்டாம். சிகரத்தின் கிழக்கு விளிம்பில் பனி அப்போதும் திரண்டு தொங்கிக்கொண்டிருக்கலாம்.

தனியார் நிலமாயிற்றே, அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும், மிதிவண்டி ஓட்டவும், கூடாரம் அடிக்கவும் உரிமை தருகிறது. கட்டணம், பதிவு, அனுமதிச்சீட்டு எதுவும் இல்லை. ஆனால் அந்த உரிமை மோட்டார் வாகனங்களுக்குப் பொருந்தாது. எஸ்டேட் பாதைகளில் காரையோ மோட்டார் சைக்கிளையோ கொண்டுபோக முடியாது. பொறுப்பு என்பது என்ன என்பதை ஸ்காட்லாந்து வெளிப்புற அணுகல் நெறிமுறை விளக்குகிறது: வீடுகளை ஒட்டி முகாமிடாதிருத்தல், வாயிற்கதவுகளை இருந்தபடியே விட்டுச்செல்லுதல், ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் தங்காதிருத்தல், நாயைக் கால்நடைகளிடமிருந்தும் தரையில் கூடுகட்டும் பறவைகளிடமிருந்தும் விலக்கிப் பிடித்திருத்தல் முதலியன.

டால்வின்னியிலிருந்து தொடங்குவதா, கொரௌரிலிருந்தா?

இரண்டு இடங்களுக்கும் ரயில் உண்டு என்பது இந்த மலையின் தனி வசதி. டால்வின்னி, பெர்த் நகரிலிருந்து இன்வர்னெஸ் செல்லும் பாதையில் இருக்கிறது. கொரௌர், கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் செல்லும் மேற்கு ஹைலேண்ட் பாதையில் இருக்கிறது. 408 மீட்டர் உயரத்தில், பொதுச் சாலை எட்டாத நிலையம் அது. லண்டன் யூஸ்டனிலிருந்து புறப்படும் கலிடோனியன் ஸ்லீப்பர் இரவு ரயிலின் இன்வர்னெஸ் பகுதி டால்வின்னியிலும், ஃபோர்ட் வில்லியம் பகுதி கொரௌரிலும் நிற்கும். சனிக்கிழமை இரவுகளில் அந்த ரயில் ஓடாது என்பதை மறந்து வார இறுதித் திட்டம் போட்டுவிட்டுப் பின்பு தவிப்பவர்கள் உண்டு.

டால்வின்னி வழியில் முதல் பாதி எளிது. லோக் எரிக்டின் வடமேற்குக் கரையோரமாக, பென் ஆல்டர் லாட்ஜ் என்னும் எஸ்டேட் மாளிகை வரை நல்ல எஸ்டேட் பாதை ஒன்று செல்கிறது. மிதிவண்டி இருந்தால் அந்தத் தூரத்தை மிக விரைவில் கடந்துவிடலாம். லாட்ஜைத் தாண்டியதும் பாதை ஏறி, லோக் பாட்டக் பக்கமாகத் திறந்த வெளிக்கு வந்து, கல்ரா பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பும்போதுதான் மலை முழுதாகக் கண்ணில் படுகிறது. ஊருக்குள் ரயில் பாதையைக் கடக்கும் லெவல் கிராசிங் 2021-இல் பூட்டப்பட்டு, நடைபயணிகளின் வழியுரிமை பற்றிய சர்ச்சை எழுந்தது. ஆகவே புறப்படும் முன்னரே தற்போதைய நிலையையும், தண்டவாளத்துக்கு அடியில் செல்லும் மாற்று வழியையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

கொரௌர் வழி வேறுவிதமானது. நிலையத்திலிருந்து லோக் ஆஸியன் ஏரிக்கரை முழுவதும் வண்டிப்பாதையில் நடந்து, ஏரியின் கிழக்கு முனையில் உள்ள கொரௌர் லாட்ஜைத் தாண்டினால், ஓடையை ஒட்டி மேலேறும் காலடித்தடம் ஒன்றே மிஞ்சும். மழைக்குப் பின் அது தடமாகவே இராது. கறுத்த சதுப்பில் முந்தைய நடையாளரின் பூட்ஸ் குழியில் நீர் தேங்கி நிற்கும். அதைத் தவிர்க்க நாம் ஒதுங்கி வைக்கும் அடி முழங்கால் வரை இறங்கும். இத்தகைய தரையில் மணிக்கு 3 கி.மீ. நடந்தாலே நல்ல வேகம்.

என் கருத்தில் மிகச் சிறந்த திட்டம் ஒரு நிலையத்தில் இறங்கி மறு நிலையத்தில் ஏறுவது. வந்த வழியே திரும்பும் சலிப்பு இல்லை. காரை எங்கே விட்டோம் என்ற கவலையும் இல்லை. ஆனால் மிதிவண்டியின் உதவி அப்போது கிடையாது. இரவுத் தங்கலும் இதற்குக் கட்டாயம்.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

முடியும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வில்லியம் நேஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். டால்வின்னியிலிருந்து போய்வர 40 கி.மீ., ஏற்றம் 800 மீட்டருக்குச் சற்று மேல்: 8 மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும் சேர்ந்து ஒன்பதரை. நேஸ்மித் கணக்கில் ஓய்வு இல்லை, சாப்பாடு இல்லை, சதுப்பு இல்லை, வரைபடத்தைப் பிரித்து நிற்கும் நேரமும் இல்லை. நான்கில் ஒரு பங்கை மேலே கூட்டினால் 12 மணி நேரம் வரும். அதுதான் நம்பத்தக்க எண். எதிரே உள்ள பென் வியோல் மலையையும் (1,019 மீட்டர்) சேர்த்துக்கொள்ள நினைத்தால் இன்னும் கூடும்.

கல்ரா பக்கம் வரை மிதிவண்டியில் போய்விட்டால் இந்த நாள் மூன்று மணி நேரமாவது சுருங்கும். திரும்பும்போது களைத்த கால்களுக்குக் கிடைக்கும் நிம்மதி தனி. ஆயினும் மிதிவண்டியை நம்பி மட்டும் நேரத்தை இறுக்கிப் போடக் கூடாது. டியூப் பஞ்சரானால் அந்த நாள் மறுபடியும் 40 கி.மீ. நடையாகிவிடும், மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் பையில் இருக்கட்டும்.

முதன்முறை வருபவர்கள் இரண்டு நாளாக வையுங்கள். முதல் நாள் மலையடிவாரம் வரை நடந்து தங்கிவிட்டால், மறுநாள் காலை வானத்தைப் பார்த்துவிட்டுச் சிகரத்தைப் பற்றி முடிவு செய்யலாம்.

இரவு எங்கே தங்குவது?

கூடாரம்தான் முதல் விடை. கல்ரா பள்ளத்தாக்கிலும், மலைக்குத் தெற்கே லோக் எரிக்ட் கரையில் உள்ள ஆல்டர் விரிகுடாவிலும் சமதரை கிடைக்கும். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு கல்ரா குடிலில் தங்கலாம் என்று வருபவர்கள் கவனிக்க: கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்த பின் அது மூடப்பட்டுவிட்டது.

ஆல்டர் விரிகுடாவில் பென் ஆல்டர் காட்டேஜ் என்னும் குடில் இருக்கிறது. இவ்வகைக் குடில்களைப் ‘போத்தி’ என்பார்கள். மவுன்டன் போத்திஸ் அசோசியேஷன் என்னும் தன்னார்வ அமைப்பு பராமரிக்கிறது, வாடகை இல்லை, முன்பதிவும் இல்லை. மின்சாரம், குழாய், கழிப்பறை, மெத்தை எதுவும் இல்லாத கற்சுவர் வீடு என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இராது. இடம் நிறைந்திருக்கவும் கூடும் என்பதால் கூடாரம் கையில் இருந்தாக வேண்டும். அங்கே முன்பு குடியிருந்த மான் காவலர் தூக்கிட்டுக்கொண்டார், அவர் ஆவி உலவுகிறது என்றொரு கதை வழங்குகிறது. உண்மையில் அவர் அங்கிருந்து போய் வேறு ஊரில் இயல்பாகக் காலமானார். இரவில் கேட்கும் சத்தம் எலியாகவோ கதவாகவோ இருக்கும். இதைவிட நம்பத்தகுந்த பழைய செய்தி ஒன்று உண்டு: 1746-இல் கல்லோடன் போரில் தோற்றுத் தப்பியோடிய இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டை, குலத்தலைவர் குளூனி மேக்ஃபர்சன் இந்த மலைச்சரிவில் அமைத்திருந்த மறைவிடத்தில் சில நாள் ஒளித்து வைத்திருந்தார். ஒரு படையே தேடியும் அகப்படாத அளவுக்கு ஒதுங்கிய இடம் என்பதை நினைவில் வைத்தால், மீட்புக் குழு வரத் தாமதமாகும் காரணமும் விளங்கும்.

கொரௌர் பக்கம் தங்க விரும்பினால், லோக் ஆஸியன் கரையில், நிலையத்திலிருந்து ஒன்றரைக் கி.மீ. அளவில் இளைஞர் விடுதி ஒன்று இருக்கிறது. சிறியது, முன்பதிவு செய்யாமல் போக வேண்டாம்.

எந்த முகட்டில் ஏறுவது?

கல்ரா பக்கமிருந்து வருபவர்களுக்கு லாங் லெக்கஸ், ஷார்ட் லெக்கஸ் என்று இரண்டு முகடுகள் இருக்கின்றன. லாங் லெக்கஸ் நீண்டது. சில இடங்களில் கையூன்றி ஏற வேண்டும் என்றாலும், காய்ந்த நாளில் தலைசுற்றல் இல்லாத எவரும் மகிழ்ந்து ஏறக்கூடிய வழி. ஷார்ட் லெக்கஸ் குட்டையானது, செங்குத்தானது. பாறை ஏறிப் பழகாதவர்கள் அதைத் தொடாதிருப்பது நல்லது. ஈரப் பாறையில் இரண்டுமே வேறு குணம் காட்டும்.

கையூன்ற விரும்பாதவர்கள், லோக் அ’ பெலாக் பெயா ஏரிக்கரை வழியாகத் தெற்கே பெலாக் பிரெபக் கணவாய்க்கு ஏறி, அங்கிருந்து மேற்கே திரும்பிச் சிகரத்தை அடையலாம். சுற்று வழி என்றாலும், இறங்கும்போது முட்டிக்கு இதமான வழி. மேற்கிலிருந்து வருபவர்களுக்கு முகடு என்று தெளிவாக ஒன்றுமில்லை. புல்லும் கல்லும் கலந்த அகன்ற சரிவில் திசை பிடித்து ஏற வேண்டியதுதான்.

மேலே மூடுபனி சூழ்ந்துவிட்டால் என்ன செய்வது?

இந்த மலையில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். பென் ஆல்டரின் தலை கூரானதன்று. 1,000 மீட்டருக்கு மேல் பல சதுரக் கி.மீ. பரந்து கிடக்கும் சமவெளி அது. தெளிந்த நாளில் உலாவப் போவது போல் நடக்கலாம். மேகம் இறங்கினால் நான்கு பக்கமும் ஒரே சாம்பல் நிறமும், எல்லா மேடும் ஒரே மேடாகவும் தெரியும். கிழக்கு விளிம்பு அப்படியே கார்வ் கோயர் பள்ளத்துக்குள் செங்குத்தாக விழுகிறது. சிகரத்தருகே இருக்கும் சிறு ஏரி திசை காட்டும் நல்ல அடையாளம். அதுவும் பத்தடி அருகில் போனால்தான் கண்ணில் படும்.

நடைமுறை இது. சிகரத்தில் உள்ள அளவைத் தூணை அடைந்தவுடன், பார்வை தெளிவாக இருந்தாலும், இறங்க வேண்டிய திசையைத் திசைகாட்டியில் திருப்பி வைத்துவிடுங்கள். மேகம் வந்த பிறகு, விரல் விறைத்த பிறகு அந்த வேலையைத் தொடங்கக் கூடாது. இருவராக இருந்தால் ஒருவரைக் குரல் கேட்கும் தூரம் வரை முன்னே விட்டு, பின்னவர் திசைகாட்டியைப் பார்த்து ‘இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், நில்லுங்கள்’ என்று நெறிப்படுத்தி, பிறகு அவரிடம் போய்ச் சேர்ந்து மீண்டும் அதையே செய்ய வேண்டும். மெதுவான முறைதான். ஆனால் காற்று ஒருபக்கமாகத் தள்ளும்போது கால்கள் தாமாகச் சாய்ந்து போவதை இது ஒன்றே தடுக்கும். உங்கள் நூறு மீட்டருக்கு எத்தனை இரட்டை அடி என்பதைப் பூங்காவிலோ தெருவிலோ முன்னமே எண்ணி வைத்திருந்தால், எவ்வளவு தூரம் வந்தோம் என்ற ஐயமும் தீரும். தற்போது ஸ்காட்லாந்தில் காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது; திருத்தம் செய்யாமலே நடக்கலாம்.

தெற்கே பெலாக் பிரெபக்கை நோக்கி இறங்கும்போது விளிம்பைக் கண்ணால் தேடி அதை ஒட்டியே நடக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கோடையில் அது உதவும். பனி ஒட்டியிருக்கும் மாதங்களில் விளிம்பு என்று தெரிவது வெறும் பனி. அடியில் பாறை இராது.

வரைபடம் தேவையா, கைபேசி போதாதா?

கைபேசியில் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள். அது மிக நல்ல கருவி. ஆனால் குளிரில் மின்கலம் மளமளவென்று இறங்கும், மழைத்துளி விழுந்த தொடுதிரை சொன்னபடி கேட்காது. 1:50,000 அளவில் லேண்ட்ரேஞ்சர் 42-ஆம் தாள் பென் ஆல்டரைக் காட்டும். 1:25,000 அளவிலான எக்ஸ்ப்ளோரர் தாளில் சரிவின் நுணுக்கம் இன்னும் தெளிவு. காகிதத்தை நீர்புகா உறையில் போட்டுக் கழுத்திலோ பையின் மேற்புறத்திலோ வையுங்கள். அடியில் புதைந்த வரைபடத்தைக் காற்றில் நின்று எவரும் எடுப்பதில்லை.

வானிலை அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

ஊருக்கான அறிக்கையைப் பார்க்காதீர்கள். எம்.டபிள்யூ.ஐ.எஸ். எனப்படும் மலை வானிலைத் தகவல் சேவையும், பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மலை அறிக்கையும் இலவசம். பென் ஆல்டர் மேற்குக்கும் தென்கிழக்குக்கும் இடைப்பட்ட மலை என்பதால் இரு பகுதிகளின் அறிக்கையையும் படித்து, மோசமானதையே உண்மை என்று கொள்வது என் வழக்கம். முதலில் மழையைத் தேட வேண்டாம், காற்றைத் தேடுங்கள். மணிக்கு 40 மைல் காற்றில் நடை தள்ளாடும். 50 மைலில் நிமிர்ந்து நிற்பதே பாடு. அடுத்து, சிகரங்கள் மேகமின்றி இருக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்ற வரியைப் பாருங்கள். மூன்றாவதாக உறைநிலை எந்த உயரத்தில் என்பது. மழை அளவு கடைசியில்தான், அதுவும் ஓடைகளுக்காக.

ஓடைகளைக் கடப்பது ஆபத்தா?

இப்பகுதியில் காற்றுக்கு அடுத்த ஆபத்து ஓடைதான் என்பேன். காலையில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்த ஓடை, மாலைக்குள் பழுப்பு வெள்ளமாகியிருக்கலாம். மேலே மழை பெய்துகொண்டிருக்கும்போதே நீர்மட்டம் உயரும். நின்ற பிறகு சில மணி நேரத்தில் இறங்கவும் செய்யும். எனவே காத்திருப்பது பல நேரங்களில் சரியான முடிவு. வரைபடத்தில் பாலங்களை முன்னமே குறித்துக்கொண்டு, சுற்றானாலும் அவற்றை நோக்கிப் போவது அதைவிடச் சரியானது. கடந்தே ஆக வேண்டுமென்றால் பையின் இடுப்புப்பட்டையைக் கழற்றிவிட்டு, நீர்வரத்தை நோக்கி முகம் வைத்து, நடைக்கோலை முன்னே ஊன்றிப் பக்கவாட்டில் அடியெடுத்து வையுங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்காதீர்கள்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

முழுப் பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்கும். விட்டுப்போகிறவற்றை மட்டும் சொல்கிறேன். பருத்தி ஆடை நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம். கோடையிலும் கையுறை, குல்லா. மழைச்சட்டையுடன் மழைக் கால்சட்டையும். தலையில் கட்டும் விளக்கு, ஜூன் மாதமானாலும். ஆளுக்கு ஒரு உயிர்காப்புப் பை. ஒதுங்க இடமில்லாத வெளியில் அசையாமல் கிடக்க நேர்ந்தால் அந்த நெகிழிப் பைதான் வீடு. வழக்கமாக உண்பதைவிட ஒரு நாள் கூடுதல் உணவு.

விமானத்தில் வருபவர்கள் அடுப்பு எரிவாயுக் குப்பியைக் கொண்டுவர இயலாது. அது தடைசெய்யப்பட்ட பொருள். டால்வின்னியில் கிடைத்துவிடும் என்று நம்பி இறங்காமல், கிளாஸ்கோ, ஃபோர்ட் வில்லியம், ஏவிமோர் போன்ற ஊர்களில் முன்னமே வாங்கிவிடுங்கள். கழிப்பறை இல்லாத இடம் என்பதால் சிறு மண்வாரியும் தேவை. நீர்நிலைகளிலிருந்து 30 மீட்டராவது தள்ளிக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். தீ மூட்ட வேண்டாம்: காய்ந்த சதுப்புமண் அடியோடு புகைந்து பல நாள் எரியும்.

மிட்ஜ் கடி தாங்க முடியாது என்கிறார்களே?

உண்மைதான். மிட்ஜ் கொசுவைவிடப் பொடியான பூச்சி, ஆயிரக்கணக்கில் வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காற்றில்லாத காலையிலும் மாலையிலும் அதிகம். தலையில் மாட்டும் பூச்சிவலை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். கூடாரத்தைக் காற்றுப்படும் மேட்டில் அடியுங்கள். நோய் பரப்புவது மிட்ஜ் அன்று, உண்ணி. இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகியவற்றைத் தடவிப் பார்த்து, உண்ணி இருந்தால் அதற்கான கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுத்துவிடுங்கள். அடுத்த வாரங்களில் வட்டமாகச் சிவந்து பரவும் தடிப்பு தோன்றினால், லைம் நோயாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மான் வேட்டைக் காலத்தில் போகலாமா?

போகலாம். ஆண் மான் வேட்டை ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் 20 வரை மும்முரமாக இருக்கும். பெண் மான் வேட்டை அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. எந்தச் சரிவில் அன்று வேட்டை என்பதை எஸ்டேட்டுகள் அறிவிப்புப் பலகையிலோ இணையத்திலோ தெரிவிப்பதுண்டு. அதைப் பார்த்து வழியைச் சற்று மாற்றிக்கொள்வது முறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக வேட்டை நடப்பதில்லை.

தனியாகப் போகலாமா?

இங்கே தனியாக நடக்கும் அனுபவசாலிகள் பலர். முதல் தொலைமலையைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அறிவுரை. எப்படிப் போனாலும், போகும் வழி, திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் காவல்துறையை அழைக்க வேண்டும் ஆகிய மூன்றையும் எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது நெருக்கடியில் நினைவில் நிற்காது.

விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது?

999 அல்லது 112. முதலில் ‘போலீஸ்’ என்றும், பிறகு ‘மவுன்டன் ரெஸ்க்யூ’ என்றும் கேளுங்கள். இடத்தைக் காட்டும் வரைபடக் கட்டக் குறியீடு, எத்தனை பேர், என்ன காயம் என்பதைத் தயாராக வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது. மீட்புக் குழுவினர் பெரும்பாலும் தன்னார்வலர்கள்; கட்டணம் வாங்குவதில்லை. மலையைச் சுற்றிப் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது. விட்டுவிட்டுக் கிடைக்கும் சிக்னலில் பேச்சு போகாவிட்டாலும் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி பிரிட்டன் எண்ணை முன்னதாகவே பதிந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் வழி அவசர அழைப்புக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. விசிலோ விளக்கோ என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

எந்தக் கட்டத்தில் திரும்பிவிட வேண்டும்?

வீட்டிலேயே எழுதிவிடுங்கள். ‘பிற்பகல் ஒரு மணிக்குள் சமவெளியைத் தொடாவிட்டால் திரும்புவோம்’ என்பது போன்ற வரி. 15 கி.மீ. நடந்து வந்தாயிற்று என்ற நினைப்பே தொலைமலைகளில் ஆட்களை மேலே இழுக்கிறது. அந்த நேரத்தில் நம் தீர்ப்பு நடுநிலையாக இராது. திட்டத்தில் ஒரு மாற்றுப் பயணமும் இருந்தால் திரும்புவது எளிது: பெலாக் டூ கணவாய் வரை போய்த் திரும்பினாலும், ஏரியைச் சுற்றி ஆல்டர் விரிகுடா வரை நடந்தாலும் அது முழு நாளுக்குரிய நல்ல நடை.

குளிர்காலத்தில்?

பனிக்கோடரியும், பூட்ஸ் அடியில் மாட்டும் இரும்பு முட்களான கிராம்பனும் வைத்திருப்பது போதாது, பயன்படுத்தப் பயின்றிருக்க வேண்டும். டிசம்பரில் பகல் 7 மணி நேரத்துக்கும் குறைவு, தூரமோ அதேதான். ஸ்காட்லாந்து பனிச்சரிவுத் தகவல் சேவை டிசம்பர் நடுவிலிருந்து அறிக்கை வெளியிடுகிறது; அருகிலுள்ள கிரேக் மெகி பகுதிக்கான அறிக்கை இங்கே வழிகாட்டும். இவற்றில் அனுபவம் இல்லாதவர்கள் தகுதிபெற்ற மலை வழிகாட்டியுடன் மட்டுமே போக வேண்டும்.

கொரௌரில் ரயிலைத் தவறவிட்டால்?

நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் சில ரயில்களே ஓடுகின்றன, ஞாயிற்றுக்கிழமை அதிலும் குறைவு. டாக்ஸியை அழைக்கச் சாலை இல்லை. அடுத்த ரயில் மறுநாள்தான் என்றால், விடுதியில் இடம் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கூடாரத்தை மறுபடி விரிக்க வேண்டும். ஆதலால் கடைசி ரயிலைக் குறிவைத்து மலையிலிருந்து இறங்காமல், அதற்கு முந்தைய ரயிலைக் குறிவைத்து நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பயணச்சீட்டை முன்பதிவு செய்யும்போது, குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லுபடியாகும் மலிவுச் சீட்டைத் திரும்பும் பயணத்துக்கு வாங்காதீர்கள்.